துரைக்குப் பாடிய பாட்டு

என்னை வளர்த்தது மடத்துக் கஞ்சி. மேலூர்ச் சாலையை ஒட்டி, கண்மாய்க் கரையில் எங்கள் மாதா கோயிலும் அதன் பக்கத்தில் சாமியார் மடமும் இருந்தன. பல வேஷம் கட்டிய மடம் அது. ஒரு பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியாகவும் ஒரு காலராவில் ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. நடுவில் கொஞ்ச காலம் வௌவால்களுக்கு மட்டும். அப்புறம் கடல் கடந்து வந்த தாடிச் சாமியார்கள் வெள்ளையடித்துக் குடியேறினார்கள். உலகச் சண்டை வந்ததும், எதிரி நாட்டுக்காரர்கள் என்று சர்க்கார் அவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சாவி மாமாவிடம் வந்தது. அம்மாவின் தம்பியான அவர்தான் கோயில்பிள்ளை. மணியடிப்பது, விளக்கேற்றுவது, லத்தீன் பாடுவது எல்லாம் அவர் பாடு. மடத்துக் குதிரில் மிஞ்சிய கம்பை அம்மா மதியம் கஞ்சியாகக் காய்ச்சுவாள். தெருப்பிள்ளைகள் தகரக் குவளையோடு நிற்போம். வீட்டில் அடுப்பு எரியாது. எங்களுக்கு அது ஒன்றுதான் சாப்பாடு.

ஆளில்லாத கட்டடங்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள், துரை பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. சாமியார்கள் விட்டுப்போன அங்கிகள் அலமாரியில் தொங்கின.

“ஆளு இருந்தா எடுக்க மாட்டாய்ங்கல்ல?” என்றார் மாமா.

அவரே ஒரு சாமியார் ஆனார். அப்பா இன்னொருவர். மூன்றாவதாக, உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியைப் பிடித்து வந்தார். நெட்டையான கோடாங்கிக்கு அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. தாடி வளர்க்க நாளில்லை. முறுக்கு மீசையோடு சாமியார் உண்டா? எடுக்கச் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார்.

“மீசைய எடுத்துட்டுக் குடிக்கிற கஞ்சி எனக்கு வேணாம் மாப்ள.”

“அப்ப மீசையக் கரைச்சுக் குடிங்க” என்றாள் அம்மா.

சாயங்காலத்துக்குள் மீசை போயிற்று.

துரை குமாஸ்தாவோடு வந்தபோது மூவரும் மடத்துப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார்கள். கோடாங்கி பழக்கத்தில் திருநீறு பூசி வந்திருந்தார். மாமா எச்சில் தொட்டு அதை அழித்துக்கொண்டிருந்தார்.

“நெசச் சாமியாருகன்னா ஒரு பாட்டுப் பாடச் சொல்றாரு தொரை” என்றார் குமாஸ்தா.

சாமியார் இல்லாத அந்த வருஷம் பூசை நின்றுபோயிருந்தது, சாவு நிற்கவில்லை. மாமாவின் நாக்கில் நின்றது லத்தீன் அடக்கப் பாட்டு ஒன்றுதான். சவத்துக்குப் பின்னால் நடந்து நடந்து அப்பாவுக்கும் கோடாங்கிக்கும்கூட அது மனப்பாடம். உயிரோடு நின்ற துரையைப் பார்த்து மூவரும் தொண்டை கிழிய அதைப் பாடினார்கள். கஞ்சிக்குக் குவளையோடு நின்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டோம். அம்மா பழக்கத்தில் முந்தானையை வாய்க்குள் வைத்துக்கொண்டாள். குமாஸ்தா தொடையில் தாளம் போட்டார்.

துரை தொப்பியைக் கழற்றினார். அவர் உதடும் மெல்ல அசைந்தது. பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் தொப்பியைப் போடவில்லை. கடைசியில் குமாஸ்தாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியேறினார்.

“ஆளிருக்கு, இந்தக் கட்டடம் வேணாம்னுட்டாரு” என்று குமாஸ்தா பின்னாலேயே ஓடினார்.

“எந் தொண்டைக்குத் தொரை கண்ணுல தண்ணி வந்திருச்சு, பாத்தியாக்கா?” என்றார் மாமா. அன்றைக்குக் கஞ்சி கெட்டியாக இருந்தது.

மடம் பிற்பாடு நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஆனது. நானும் ஊர் ஊராகச் சுற்றி, எத்தனையோ கோயில் வாசல்களில் படுத்தெழுந்தேன். அந்தப் பாட்டு காதில் விழும்போதெல்லாம் துரையின் உதடு நினைவுக்கு வரும். அதை எப்போது பாடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியாக யாருக்காக அதைக் கேட்டாரோ! அன்று அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, கண்ணெல்லாம் குவளை மேலேயே இருந்தது.