ஒரு ஊக்கு குறையுது

சரோஜம்மாளின் விரல்கள் போர்வையிலிருந்து ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தன. மேல்துணி, நடுவில் பழஞ்சேலை, அடித்துணி மூன்றும் நகராமலிருக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்தி வைத்துத்தான் தைப்பார். நடுநடுவே ஊசியை நகத்தின் மேல் இழுத்துப் பார்ப்பார். கோடு விழுந்தால் முனை கெட்டுவிட்டது. உடனே வேறு ஊசி. கெட்ட ஊசியால் அவர் பட்டது போதும்.

மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். ஊசி ஏறிய அவர் விரலுக்குக் கட்டுப் போட்டதும் நான்தான்.

அவர் வேலை பார்த்த படுக்கைவிரிப்பு கம்பெனியில் பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். குழந்தைகள் படுக்கும் விரிப்பு, விதி சரிதான். ஆனால் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் ஊசியில் மிச்சம் பிடித்து மேலே நல்ல பெயர் வாங்குகிறவர். முனை போய்விட்டது என்று சரோஜம்மாள் காலையிலிருந்து கேட்டும் மாற்றித் தரவில்லை. மதியம் அது உடைந்து விரலில் ஏறியது. முனை மட்டும் கிடைக்கவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட மண்டி போட்டுத் தேடச் சொன்னார். பாத்ரூம் போக விடவில்லை.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க? கொண்டைய அவிழு" என்றார், ஷிஃப்டே பார்த்துக்கொண்டிருக்க. மறுநாள் வேலை போயிற்று. பிறகு மெஷினைக் கழற்றித் துடைத்தபோது முனை அதன் அடியிலேயே கிடந்ததாம். கூட வேலை செய்த மணிமேகலை வந்து சொன்னாள். கம்பெனியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சரோஜம்மாள் வீட்டிலேயே போர்வை தைத்து விற்க ஆரம்பித்தார்.

"அந்த ஆளு என் முன்னால மண்டி போடணும்க்கா. அதுவரைக்கும் எனக்கு ஆறாது" என்றார் சரோஜம்மாள். விரல் சீக்கிரமே ஆறிவிட்டது.

அந்த ஆள் தானாகவே வந்தார். பேரனைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு அவர் மனைவி ஆள் மூலம் போர்வை சொல்லியிருந்தார். தைப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் வாங்கிப்போக வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க சார். வேலை முடிஞ்சுது. ஆனா டப்பால ஒரு ஊக்கு குறையுது."

"குறைஞ்சா என்னம்மா, குடு."

"பச்சக் குழந்தைக்கு சார். எல்லாம் கெடச்சாத்தான் வெளிய போவணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். தேடுங்க."

நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஊக்கு சரோஜம்மாளின் தாலிக்கயிற்றில் தொங்கியது. வேலைக்கு நடுவே நாங்கள் அங்கேதான் மாட்டி வைப்போம். எந்த ஆணும் அதைக் கவனித்ததில்லை. நான் காபியை ஆற்றிக் குடித்தேன்.

சென்னகிருஷ்ணன் மண்டி போட்டார். போர்வையை விரித்து ஓரம் ஓரமாகத் தடவினார். பாயைத் தூக்கி உதறினார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார்.

"முட்டி வலிக்குதும்மா."

"எனக்கும் வலிச்சுது சார்."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"மொதல்ல ஊக்கு."

"உங்களுக்குச் சக்கரை இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க."

"அப்ப அடக்கவே கூடாது. ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதே."

இருட்டுகிற நேரத்தில் வெறுங்கையோடு எழுந்து போனார். "காலையில வாங்க சார், நானும் தேடி வைக்கிறேன்" என்று சரோஜம்மாள் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையில் ஓடி வந்தார். சரோஜம்மாள் அவர் கண்ணெதிரே தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார்.

"அங்கயேவா இருந்துச்சு?"

"ஆமா சார். மெஷினுக்கு அடியிலயே இருந்த மாதிரி."

போர்வை முழுவதும் காந்தத்தை ஓட்டிப் பார்த்து நான் மடித்துக் கொடுத்தேன். குழந்தை என்ன செய்தது பாவம். அவர் தெரு திரும்புவதற்குள் சரோஜம்மாள் புது ஊசி ஒன்றை எடுத்து, நகத்தில் இழுத்துப் பார்த்து, அடுத்த போர்வைக்கு நூல் கோத்துவிட்டார்.