மாட்டுக்கும் லீவு உண்டு

எங்கள் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து டி-ஷர்ட் ஆர்டர் தரும் மிரியம் மேடம் யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள்; போனைக்கூடத் தொடமாட்டார். அதற்கு முன் எனக்கு அனுப்பும் கடைசி ஆர்டர் மெயிலில், அந்த வாரம் அவர்கள் ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா என்கிற வேதத்தின் பகுதியைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பார். நான் படித்ததே இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் டெய்லர் செல்வி அக்கா என் மேசை அருகே வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, இந்த ஞாயித்துக்கெழமையும் வரோணுமா? ஊட்டுல அழுக்குத்துணி மலையாட்டம் கெடக்குது."

"ஷிப்மெண்ட் இருக்குதுங்கக்கா."

ஒரு மாதமாக இதையேதான் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அவர் போனதும் மிரியம் மேடத்தின் மெயில் வந்தது. இன்று என்னவோ படித்தேன். ஓய்வு நாள் உனக்கு மட்டுமல்ல, உன்னிடம் வேலை செய்பவருக்கும் உன் மாட்டுக்கும்கூட என்று இந்த வாரப் பகுதி சொல்கிறதாம்.

"மேடம், உங்கள் ஆர்டருக்காக இங்கே ஒரு மாதமாக ஞாயிறு லீவு இல்லை" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஆர்டர் போனால் என் வேலையும் போகும்.

அவர் ஊரில் பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. தனக்குத் தெரியாது என்றும், சரக்கு ஒரு வாரம் தாமதமாக வரட்டும் என்றும் எழுதியிருந்தார்.

செல்வி அக்காவிடம் சொன்னேன். "நெசமாவா கண்ணு?" என்று கேட்டுவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியிடம் மெயிலைக் காட்டினேன். "லீவு உட்டுரலாங்க. நோட்டீஸ் போர்டுல லீவுக்கு என்ன விசேஷம்னு எழுதறது?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விசேஷம் வேண்டுமாம். யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.