இடது ஒன்பது, வலது எட்டு

என் தங்கையின் இடது கால் வலது காலைவிட ஓர் அளவு பெரியது. நோய் எதுவும் இல்லை. பாத மருத்துவர் அளந்து பார்த்துவிட்டு, பலருக்கும் இப்படித்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை என்றார். அலுவலகத்துக்குப் போகிறவள் கவனிக்காமல் இருந்துவிடலாம். கூடைப்பந்து ஆடுகிறவளால் முடியாது. ஓடிவந்து சட்டென நின்று திரும்பும்போது பாதம் சப்பாத்துக்குள் நகர்ந்தால் கணுக்கால் மடியும். சென்ற ஆண்டு அப்படித்தான் மடிந்தது. இரண்டு காலுக்கும் ஒன்பதாம் அளவை வாங்கி, வலது காலுக்கு மட்டும் இரண்டு காலுறை போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த காலம் அது. அதன்பிறகு பயிற்றுநர் அந்தச் சமாளிப்பை முழுதாகத் தடை செய்துவிட்டார்.

எனவே ஒரே சப்பாத்தை இரண்டு அளவுகளில் வாங்கினோம். இடது ஒன்பதும் வலது எட்டும் அவளுக்கு. மிஞ்சிய இடது எட்டும் வலது ஒன்பதும் வாசல் தட்டில், அவளுடையவற்றின் பக்கத்திலேயே இருந்தன.

இரண்டு சோடியும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது நான். மருத்துவக் கருவிகள் தரவிதிகளுக்கு உட்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. எதையும் வாங்குமுன் விதியைத் தேடிப் படித்துவிடுவேன். கூடைப்பந்து விதியில் சப்பாத்துக்கு இரண்டு வரிதான் இருந்தது. எந்த நிறமும் போடலாம், ஆனால் இடதும் வலதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மின்னும் விளக்கோ ஒளி தெறிக்கும் பட்டியோ கூடாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஒரு காலத்தில் நிறத்துக்கே கட்டுப்பாடு இருந்து, பிறகு தளர்த்தினார்கள் என்றும் வாசித்தேன். துள்ளலைக் கூட்டுகிறது என்று ஒரு சப்பாத்தையே அங்கே விலக்கியதும் உண்டாம். அளவைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு சொல் இல்லை.

இந்த ஏற்பாட்டை அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. தங்கைக்குத் தன் கால்களைப் பற்றிப் பேசுவது பிடிக்காது. அப்பாவுக்கு வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அவர் செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக் கிடங்கில் இருக்கிறார். பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் பொருளும் வெளியே ஒட்டிய சீட்டும் ஒன்றுதானா என்று கடைசியாகப் பார்க்கிறவர். அந்தக் கண்ணை அவர் வேலையிடத்தில் விட்டுவிட்டு வருவதில்லை. வென்ட்வேர்த்வில் கடையில் முட்டைப் பெட்டி வாங்கினாலும் திறந்து, பன்னிரண்டும் ஒரே பருமனா என்று பார்த்த பிறகுதான் கூடையில் வைப்பார்.

தங்கை அந்தப் பருவம் முழுவதும் மாநிலப் பெண்கள் லீக் அணி ஒன்றுடன் பயிற்சி செய்துவந்தாள். பெயர் பட்டியலில் இருக்காது. பந்து பொறுக்குவாள், தண்ணீர் கொடுப்பாள். பிறகு ஒரு வாரத்தில் இரண்டு பேருக்குக் காயம். சனிக்கிழமை பின்னேர ஆட்டத்துக்கு அவள் பெயரைச் சேர்த்துக்கொண்ட பயிற்றுநர், சில நிமிடங்களாவது இறக்குவேன் என்றும் சொல்லியிருந்தார். காயப்பட்டவர்களில் ஒருத்தி அடுத்த வாரமே திரும்பிவிடுவாள். ஆகவே இந்த ஒரு ஆட்டம்தான். அந்த வாரம் தங்கை வீட்டில் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள், அதிகமாகத் தூங்கினாள்.

அரங்கில் நானும் அப்பாவும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் தங்கை ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாக எங்களிடம் வந்தாள். கையில் இடது சப்பாத்து.

"அக்கா, இது போகுதில்ல."

வாங்கி, சப்பாத்தின் நாக்கைப் புரட்டி அளவைப் பார்த்தேன். எட்டு. அவள் காலில் இருந்ததும் எட்டு. நான் ஒன்றும் சொல்வதற்குள் அப்பா எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்ப சரிதானே? பிழையாக் கிடந்தது பிள்ளை. ரண்டு சோடியும் கலந்துபோய்க் கிடந்தது, ஒண்டு எட்டு, ஒண்டு ஒன்பது. நான்தான் காலமை மாத்தி வைச்சனான்."

தங்கை அவரைப் பார்த்தாள். "அப்பா, அந்த ரண்டும்தான் என்ர சைஸ்."

அவருக்கு அது விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. அவளுடைய இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது வருடமாகப் பார்த்த பாதங்கள்தான். பிறகு காற்சட்டைப் பைக்குள் வாகனத் திறப்பைத் தேடினார். "எது வேணும்?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். இடது, ஒன்பது என்றேன். அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான் செய்யக்கூடியவற்றைச் செய்தேன். சப்பாத்துக்குள் இருந்த மெத்தைத் தகட்டை உருவினேன். உயரம் கிடைத்தது, நீளம் கிடைக்கவில்லை. நாடாவை முன்துளைகளிலிருந்து கழற்றினேன். கால் உள்ளே போனது, ஆனால் விரல்கள் மடங்கின. நடக்க முடிந்தது. ஓட முடியவில்லை. பெயர் பதிவாகிவிட்டதால் ஆட்டம் முடிவதற்குள் எப்போது தயாரானாலும் இறங்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

காயப்பட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி ஒன்பதாம் அளவுதான் போட்டிருந்தாள். இடதைக் கழற்றித் தந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. நிறம் வெள்ளை. நான் விதியைச் சொன்னேன். நடுவர்கள் பார்க்கமாட்டார்கள் என்றாள் தங்கை. கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றலாமா என்றும் யோசித்தோம். அடிப்பக்கத்தில் சுற்றினால் வழுக்கும், மேலே மட்டும் சுற்றினால் விளிம்பு வெள்ளையாகத் தெரியும்.

இரண்டாவது குவார்ட்டரில் பயிற்றுநர் அவளைக் கூப்பிட்டார். அவள் மேசைக்கு முன்னால், மாற்று ஆட்டக்காரருக்கான கதிரையில் போய் இருந்தாள். நடுவர் அவளை உள்ளே வரச்சொல்லிக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்று கீழே காட்டியது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. நடுவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, விதியைத் தான் எழுதவில்லை என்று சிரித்தபடியே சொன்னதாகத் தங்கை பிறகு சொன்னாள். தங்கையும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து, வெள்ளைச் சப்பாத்தை உரியவளிடம் கொடுத்து, பெஞ்சின் கடைசியில் ஒரு காலைக் காலுறையோடு நீட்டியபடி இருந்தாள். மற்றவர்கள் எழுந்து கைதட்டும்போது அவளும் எழுந்தாள்.

இடைவேளையில் என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சப்பாத்தின் நாக்கு, அதில் ஒன்பது. அடுத்ததாக அடிப்பாகத்தின் படம், இடது என்பதற்கு ஆதாரமாக. கீழே, "சரியோ?" சரி என்று அனுப்பினேன். அதன்பிறகு செய்தி இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பரமட்டாவைச் சுற்றிப் போகிற வீதிகளில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. மூன்றாவது குவார்ட்டர் முடிந்தது. எங்கள் அணி பின்தங்கியிருந்தது. பயிற்றுநர் ஒரு தடவை பெஞ்சின் கடைசிப் பக்கம் திரும்பி, அவள் காலைப் பார்த்துவிட்டு, வேறொருத்தியை அனுப்பினார்.

கடைசிக் குவார்ட்டர் நடந்துகொண்டிருந்தபோது அப்பா வந்தார். கையில் கடைப் பை, அதற்குள் ஒற்றைச் சப்பாத்து. என்னிடம் தராமல் நேரே பெஞ்சுக்குப் பின்னால் போய், தடுப்புக்கு மேலால் நீட்டினார். தங்கை வாங்கினாள். அவள் நாடாவை இறுக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"கொள்ளுதோ?"

"ஓம் அப்பா. நீங்க போய் இருங்கோ."

அவள் இறங்கினாள். ஒரு தவறு அவள் பெயரில் எழுதப்பட்டது. ஒரு பந்தை எதிரணிக்காரியின் கையிலிருந்து தட்டி, தன் ஆளிடம் கொடுத்தாள், அது புள்ளியானது. அவள் கூடையை நோக்கி எறிந்தது ஒன்றுதான், விழவில்லை. அணி தோற்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பா பந்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார், அவள் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும்.

அடுத்த வாரம் எதிர்பார்த்தபடியே காயப்பட்டவள் திரும்பி வந்தாள். தங்கையின் பெயரும் பட்டியலில் இருந்தது. பயிற்றுநர் காரணம் சொல்லவில்லை, சப்பாத்தைச் சரிபார்த்துக்கொண்டு வா என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தார்.

வாசல் தட்டில் அவற்றை அப்பா ஏற்கனவே மாற்றி வைத்திருந்தார். இடது ஒன்பதும் வலது எட்டும் நாடாவால் சேர்த்து முடிச்சுப் போட்டபடி இருந்தன. பக்கத்தில் இடது எட்டும் வலது ஒன்பதும் அதே மாதிரி முடிச்சோடு. ஒருவருக்கும் உதவாததை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து தன் வேலைச் சப்பாத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் ஆருக்கோ சோடிதானே," என்றார்.