வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு வாரம்

மே மாதம் என்றால் ஊர். எங்கள் வீட்டில் இதற்கு மறுபேச்சே கிடையாது. அப்போது நாங்கள் புனேயில், போபோடியின் சந்து ஒன்றில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கட்கிப் பக்கம் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடம் மூடியதுமே பெட்டியும் புளியோதரை டப்பாவும் தண்ணீர்க் கூஜாவுமாக ரயிலேறி, திருநெல்வேலிப் பக்கம் அப்பா பிறந்த வீட்டில் போய் இறங்கிவிட வேண்டும். பள்ளி திறக்கும்போதுதான் திரும்பி வருவோம். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே இப்படித்தான் கிளம்பும். வேறு எங்கேயாவது போனால் என்ன என்று யாரும் வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நான் வாய் திறந்தேன். எல்லாம் சாயலியால் வந்த வினை.

சாயலி கீழ்வீட்டு மராத்திப் பெண். என் வகுப்புதான். அவளுடைய தாய்மாமா, கண்டாலா மலைக்குக் கீழே மும்பை போகிற வழியில் இருந்த ஒரு வாட்டர் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே அலையடிக்கிற குளம் ஒன்று உண்டாம். மாமாதான் பொத்தானை அமுக்கி அலையைக் கிளப்புகிறவராம். கடலே இல்லாத இடத்தில் கடலை வரவழைக்கிற மனிதரின் மருமகள் என்கிற மிதப்பு சாயலியின் நடையிலேயே தெரிந்தது. மாமாவின் வீடு பார்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாமி தங்கமானவள், சொந்தக்காரர்களுக்கும் அவர்களுடைய சிநேகிதிகளுக்கும் பாஸ் கிடைக்கும், ஒரு வாரம் தங்கித் தினமும் போகலாம் என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கல்யாணம், காதுகுத்து இல்லாமல், சும்மா சந்தோஷத்துக்காக ஒரு வாரம்! இப்படியெல்லாம் உலகத்தில் உண்டா என்று இருந்தது.

மூன்றாவது ஆள் நூரு. கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் பைகள் விற்கும் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரரின் மகள். எங்கள் பள்ளிக்கூடமும் கேம்ப்பில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் மூவரும் திட்டம் போடுவோம். சறுக்குக்கு ஒரு நாள், அலைக்கு ஒரு நாள், ரப்பர் வளையத்தில் மிதக்க ஒரு நாள். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிடும் என்பதால் நடுவில் ஒரு நாள் காய்வதற்கு. நூரு ஒரு நாளை அழுவதற்கென்றே ஒதுக்கச் சொன்னாள். வீட்டு ஞாபகம் வந்து அழவேண்டியவர்கள் எல்லாரும் அன்றைக்கே அழுது முடித்துவிட வேண்டும், மற்ற நாட்களில் மூச்! ரொம்ப நியாயமான ஏற்பாடாக எங்களுக்குப் பட்டது.

பெரியவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சாயலியின் அம்மா வேலைக்குப் போகிறவள், ஒரு வாரம் லீவு எடுக்க முடியாது. நூருவின் உம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் என்னிடம் சொன்னார்: “உங்க உம்மா கூடப் போறதா இருந்தா அனுப்புறேன், புள்ள. இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம்.”

ஆக, எங்கள் ஒரு வாரம் முழுக்க என் அம்மாவின் கையில் வந்து நின்றது. அம்மாவோ ஊரையும் காய்கறி மார்க்கெட்டையும் தவிர வேறு எங்கும் போகாதவள். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

ஆனால் அந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்திருந்தது. முன்பதிவு தொடங்குகிற நாளிலேயே விடியுமுன் ஸ்டேஷனில் போய் வரிசையில் நிற்பதுதான் அப்பாவின் வழக்கம். அந்த முறை அவருக்கு லீவு அனுமதி கிடைக்கத் தாமதமாகிவிட்டது. அவர் போய் நிற்பதற்குள் ரயில் நிரம்பிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட்.

அப்பா சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து நான் வாட்டர் பார்க் கதையை அவிழ்த்துவிட்டேன். அவர் பாதிதான் காதில் வாங்கியிருப்பார். “டிக்கெட்டு கன்ஃபார்ம் ஆகலைன்னா போயிட்டு வாங்க. ஒங்கம்மாவையும் கூட்டிட்டுப் போ. எவன் வேண்டாம்னான்?” என்றார். கன்ஃபார்ம் ஆகாமல் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான். நான் தலைதெறிக்கக் கீழே ஓடிச் சாயலியிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து அம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நான் சாப்பிடும்போது, தலை பின்னும்போது, பாடம் படிக்கும்போதுகூட. “ஏட்டி, அந்தத் தண்ணி எவ்ளோ ஆழம் இருக்கும்?” “பொம்பளைங்களும் எறங்குவாங்களா, இல்ல கரையில ஒக்காந்து பாக்கதுதானா?” “அலை வந்தா ஆள இழுத்துட்டுப் போயிராதா?” என் பதில்களில் திருப்தியில்லாமல் ஒருநாள் சாயலியையே கூப்பிட்டு உட்காரவைத்து, தன்னுடைய ஹிந்தியில் விசாரித்தாள். “பானி கிதர் தக்? இதர் தக்? இதர் தக்?” என்று முழங்காலையும் இடுப்பையும் நெஞ்சையும் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். சாயலி தன் தாடையைத் தொட்டாள். அம்மாவின் கண் விரிந்தது. ஐயோ, பயந்துவிட்டாள், இனி அனுப்பவே மாட்டாள்!

“சேலையோட எறங்க விடுவாங்களா, கேளு” என்றாள் என்னிடம்.

சாயலி கண்டிப்பான குரலில் மராத்தியில் சொன்னாள்: “சாலத் நாஹீ, காக்கூ. நைலான் பாஹிஜே.” சேலை கூடாது, பருத்தி கூடாது, நைலான்தான் வேண்டும், அதுதான் அங்கே சட்டம்.

அம்மா “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சேலையைத் தவிர எதையும் உடுத்தாத அம்மாவுக்கு இது நல்ல சாக்காகப் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டால் என்ன? ஒவ்வொரு கேள்வியாக எடுத்து வைத்து வழியை அடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

இது போதாதென்று சாமியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். எங்கள் சந்து முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருந்தது. சதுர்த்திக்கு மட்டும் போகிற அம்மா, இப்போது தினமும் சாயங்காலம் செம்பருத்திப் பூவோடு கிளம்பினாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, சுற்றிச் சுற்றி வந்தாள். எதற்காக என்று கேட்டேன். “டிக்கெட்டுக்காகத்தான்” என்றாள். அதைக் கேட்டு அப்பாவுக்கு ஏகப் பெருமை. “ஒங்கம்மா கும்புட்டா நடக்கும் பாரு” என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போய் லிஸ்ட் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவருவார். நகர்ந்துகொண்டே இருந்தது, சனியன்.

அப்பா சொன்னதில் பொய்யில்லை. அம்மா கும்பிட்டு எதுவும் நடக்காமல் போனதில்லை. அதனால் நானும் களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. அம்மா திரும்பிய பிறகு தனியாகப் போய் அதே பிள்ளையார் முன்னால் நின்று, டிக்கெட் கன்ஃபார்ம் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்கு எதிராக வேண்டுகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. சாயலிதான் தைரியம் சொன்னாள். இது போபோடிப் பிள்ளையார், மராத்திதான் அவருக்கு முதலில் காதில் விழும், உன் அம்மா தமிழில்தானே கேட்கிறாள் என்றாள். அவள் சொல்லிக்கொடுத்தபடி மராத்தியிலேயே மன்றாடினேன். நூரு தன் பங்குக்குத் தொழுகை முடிந்ததும் துஆ கேட்பதாகச் சொல்லியிருந்தாள். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டோம் என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இதற்கு நடுவே அம்மா தன் வேலையையும் விடவில்லை. வீட்டில் தையல் மெஷின் வைத்து, சந்தில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, மெஷினில் பளபளவென்று கருநீல நைலான் துணி கிடந்தது. ஊசிக்கு அடங்காமல் வழுக்கிக்கொண்டே இருந்த துணியோடு அம்மா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “இது யாருக்கு?” என்றேன். “தச்சுக் கேட்டிருக்காங்க” என்று சொல்லி மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மெஷினை மிதித்தபடியே அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. அன்று அப்பா மாடிப்படி ஏறும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “கன்ஃபார்ம் ஆயிட்டு! மூணு பேருக்கும் ஆயிட்டு!” என்று கத்தினார். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

அம்மா அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. அப்பாவை ஒன்றும் சொல்ல முடியாது. அம்மாவிடம்தான் பாய்ந்தேன். “எல்லாம் ஒன்னாலதான்! நீதான் டெய்லி போய் பிள்ளையார்ட்ட கேட்ட! ஒனக்குச் சந்தோஷம்தான?”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“ஆமாட்டி” என்றாள். “நாந்தான் கேட்டேன்.”

அப்பா சிரித்துக்கொண்டே ஜிலேபியை என் வாயில் திணித்தார். அழுகையோடு தின்றேன். மறுநாள் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கேட்டது கிடைத்தபின் நன்றி சொல்லாமல் விடுகிறவள் இல்லை அவள். புளியோதரைக்குப் புளி கரைக்கிற வேலையில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணினேன். பிள்ளையார்மேல் எனக்கும் கோபம்தான். மராத்தி தெரியாத மராத்திப் பிள்ளையார்!

ஊரில் அந்த மே மாதமும் எப்போதும்போலத்தான் போனது. அப்பா பிறந்த வீட்டில் சித்தப்பாமார், அத்தைமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று வீடு கொள்ளாத கூட்டம். இரண்டு தெரு தள்ளி ஆறு. காலையில் போனால் கண் சிவக்கும்வரை தண்ணீரில் கிடப்போம். அப்பா பையன்களோடு போட்டி போட்டு நீந்துவார். திரும்பி வந்து ஈரத்துணிகளை அடுக்களை வாசலில் அம்மாவிடம் போடுவோம். அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து அவள் அவற்றைப் பிழிந்து உலர்த்துவாள். அம்மா ஏன் ஆற்றுக்கு வருவதில்லை என்று நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் சமைக்க வேண்டாமா? ஆற்றில் முங்கும்போதெல்லாம் அலைக்குளத்தை நினைத்து என் விதியை நொந்துகொண்டேன். பாவம் நான், எனக்கு மட்டும்தான் விடுமுறை பாழாகிவிட்டது!

புனேக்குத் திரும்பியதும் விசாரித்தேன். துணைக்கு என் அம்மா இல்லாததால் நூருவை விடவில்லை. சாயலியை அவளுடைய அப்பா காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலமே கூட்டிவந்துவிட்டார். அலைக்குளம் அன்றைக்குப் பார்த்து ரிப்பேராம், மாமா என்ன அமுக்கியும் ஒரு சுருக்கம்கூட எழும்பவில்லையாம். இதைக் கேட்டு எனக்கு மனசு லேசாகிவிட்டது. சிநேகிதம் எல்லாம் இப்படித்தான்.

மழைக்காலம் முடிந்து தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், அம்மா பீரோவைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள். சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைப்பது என் வேலை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கருநீல நைலான் இருந்தது. முழுக்கை வைத்த நீளச் சட்டை, கணுக்காலில் எலாஸ்டிக் கோத்த பேன்ட். மடிப்புக்கூடக் கலையவில்லை. யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போய்விட்டார்களோ என்று எண்ணியபடி உடம்பில் வைத்துப் பார்த்தேன். சட்டை என் பாதத்துக்கு வந்தது. கைகள் முழங்கால்வரை தொங்கின.

“அம்மா, இது யாருக்கு?”

அம்மா துடைக்கிற துணியை உதறினாள். “ஒனக்குத்தான்” என்றாள். “அந்த வாட்டர் பார்க்குக்காகத் தச்சேன்.”

எனக்காகத் தைத்தாளா! அப்படியானால் என்னை அனுப்ப மனசு இருந்திருக்கிறது! அடுத்த கணமே சிரிப்பு வந்துவிட்டது. சந்துக்கே ரவிக்கை தைக்கிறவள், ஆளைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுகிறவள், சொந்த மகளுக்குத் தைத்த லட்சணமா இது?

அம்மா அதை வாங்கி, மடிப்பதற்காகத் தன் தோளில் வைத்து விரித்தாள். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் முடிந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“போம்மா, அளவு தப்பாத் தச்சிருக்க” என்று கைகொட்டிச் சிரித்தேன்.

“ஆமாட்டி” என்றாள் அம்மா, மடித்துக்கொண்டே. “தப்பிப் போச்சு.”