பாஸ்கரன் எழுதிவைத்த வரி

ரஜனி பெட்ரோல் நிலையத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தபடியே ஜாவா என்ற நிரல்மொழி படித்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் புலம்பெயர்ந்து வந்தாள், இப்போது நாற்பத்தேழு. இல்ஃபோர்டில் வீடு. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் நடமாட்டத்தைக் கவனிக்கும் சின்னப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை. அங்கே நிரல் எழுதியவரும் அவளைச் சேர்த்துவிட்டவருமான பாஸ்கரன் இறந்து இரண்டு வருடமாகிறது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அறிக்கை தயாரிக்க யாரோ புதிதாகச் சேர்த்த ஆயத்த நிரல் தொகுப்போடு, அதாவது நூலகத்தோடு, சோதனை சேர்வரை இயக்கினாள். நிரல் ஓடியது. ஆனால் அது செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஓர் எழுத்தும் விழவில்லை. ஏனென்று தேடிக்கொண்டிருந்தபோது காலை மணி பதினொன்றானது. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி வந்தது.

‘பியற்றிஸ் இன்னும் எழும்பேல்லை.’

பக்கத்து மேசை மேரிசாந்தி எட்டிப் பார்த்தாள். “அக்கா, பாஸ்கரன் அண்ணையின்ரை மனுசியெல்லோ பியற்றிஸ்?”

“ஓம்.”

“ஆர் இப்ப இதை எழுதினது?”

ஒரு நிமிடம் கழித்து அதே வரி மறுபடி வந்தது. பிறகு இன்னொரு முறை. ரஜனி திரையை மேல்நோக்கி உருட்டினாள். நிரல் தொடங்கியபோது வந்த செய்திகள் வரை போனாள். அங்கே எச்சரிக்கை இருந்தது: லாக் எழுத இரண்டு நூலகங்கள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டேன் என்று. புதிதாகச் சேர்த்தது தன்னோடு பழைய லாக் நூலகம் ஒன்றையும் இழுத்து வந்திருந்தது. ஜாவா பழையதையே பிடித்துக்கொண்டது. அதன் அமைப்புக் கோப்பு பாஸ்கரனுடையது; மிகச் சின்னக் குறிப்பைக்கூடத் திரையில் விடும். முதல் சோதனைப் பெட்டியைக் கோலியர்ஸ் வுட்டிலுள்ள தன் வீட்டிலேயே பொருத்தி, பதினொரு மணிவரை நடமாட்டம் தெரியாவிட்டால் வரும்படி அவர் எழுதிய வரி அது.

“செத்த மனுசன் கூப்பிடேல்லை, மேரி. ரெண்டு லாக்கும் இடிபட்டிருக்கு. பழசை வெட்டிவிட்டாச் சரி.”

சொன்னாளே தவிர, வெட்டக் கை வரவில்லை. பியற்றிஸுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பாஸ்கரனின் செத்தவீட்டின்போது வாங்கிவைத்த, அந்த வீட்டு மேல்மாடிக்காரியின் இலக்கத்துக்கு அழைத்தாள். தன்னிடமிருந்த சாவியால் அவள் கதவைத் திறந்து பார்த்தபோது, பியற்றிஸ் குளியலறைத் தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். உயிர் இருந்தது.

பின்னேரம் ரஜனி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“அக்கா, அண்ணை வீட்டிலை பூட்டின பெட்டிதான் காட்டித் தந்தது.”

பியற்றிஸ் அவளை விளங்காமல் பார்த்தாள். “அந்தப் பெட்டியோ? அவர் செத்து ஒரு மாசத்திலையே நான் அதைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன், பிள்ளை.”

ரயிலில் திரும்பும்போது ரஜனி யோசித்துப் பார்த்தாள். கழற்றிய பெட்டியிலிருந்து எந்தத் தகவலும் வராது. தகவல் வராவிட்டால், நிரலின் கணக்கில் ஆள் எழும்பவில்லை. அப்படியென்றால் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக, ஒவ்வொரு நாளும் பதினொரு மணியிலிருந்து அது அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வழக்கமான லாக் அதை வெளியே விடவில்லை. வெளியே கேட்ட ஒரே நாளில் அது உண்மையாக இருந்தது. அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தெரியவில்லை.

மறுநாள் பழைய நூலகத்தை வெட்டினாள். லாக் கோப்பு வழக்கம்போல நிறையத் தொடங்கியது. பதினொரு மணிக்குத் திரையில் எதுவும் வரவில்லை.

“அந்த வரியை அழிக்கேல்லையோ, அக்கா?” என்றாள் மேரிசாந்தி.

“பிறகு பாப்பம்,” என்று சொல்லிவிட்டு, ரஜனி திரையைப் பார்க்காமல் எழுந்து ஆஸ்பத்திரிக்கு போன் எடுக்கப் போனாள்.