வெண்கலத் தொண்டை மச்சான்

கண்ணாடி வெட்டுகிறவருக்கு வாய்த்த மச்சானைத் தெருவே ‘வெண்கலம்’ என்றுதான் அழைத்தது. தொண்டை அப்படி. மனைவியின் அண்ணன், கடையில் சரிபாதிப் பங்காளி. வெட்டுவது இவர், வருகிறவர்களிடம் பேசுவது அவர் என்று ஏற்பாடு. பேசுவது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்த ஒருவரை, “அளவெடுக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு ஜன்னல் வைக்கறீங்க?” என்று கேட்டு வந்த வழியே அனுப்பியிருக்கிறார்.

வெட்டுகிறவர் முதலில் பதிலுக்குப் பதில் பேசிப் பார்த்தார். வார்த்தை தடித்துக்கொண்டே போனது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். “என்ன மாப்பிள்ளை, என்கிட்ட பேசினா வாய் தேஞ்சிடுமா?” என்று அதற்கும் ஒரு சத்தம். வீட்டில் சொன்னால் மனைவி, “எங்கண்ணன் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாருங்க” என்பாள். எல்லாம்தான் வெளியே வந்துவிடுகிறதே, உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மச்சான் போட்ட கூச்சலில் தூக்கிவாரிப்போட்டது. விஷயம் ஒன்றுமில்லை, யாரோ பசை டப்பாவை மூடாமல் வைத்துவிட்டார்கள். கண்ணாடி மேசை விளிம்பில் இடித்து உடைந்து, மணிக்கட்டுக்கு மேலே நீளமாகக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் மச்சான் நர்ஸிடம் கத்தினார், சக்கர நாற்காலி தள்ளியவரிடம் கத்தினார். தையல் போட்ட டாக்டரிடம், “ஊசியை இப்படியா பிடிப்பாங்க?” என்றார். டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னார்.

கதவு இடுக்கு வழியாக வெட்டுகிறவருக்கு மச்சான் தெரிந்தார். பெஞ்சை ஏன் வழியில் போட்டிருக்கிறீர்கள் என்று காவலாளியோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. மச்சான் தன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கியிருந்தார். அப்படியும் தோள்கள் நடுங்கின. பயந்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும், இந்த மனிதருக்குச் சத்தம் வருகிறது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

புரிந்துவிட்டது என்பதற்காகக் காது வலிக்காமல் போய்விடாது. கட்டுப் பிரித்துக் கடைக்கு வந்த அன்று, அவர் நாற்காலியை மச்சானுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான், என் கையில கண்ணாடி இருக்கும்போது நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கீழ வெச்ச பிறகு என்ன வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

“நான் எப்ப மாப்பிள்ளை திட்டினேன்?”

“சரி, திட்டலை. பேசவும் கூடாது.”

“என் கடையில எனக்கே சட்டம் போடறியா?”

“ஆமா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் மச்சானுக்குப் புதிதாக இருந்தது. தங்கை புருஷனின் கைத்தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து தெருவுக்குப் போய், கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தவரிடம் கத்த ஆரம்பித்தார்.

மச்சான் மாறவில்லை. ஆனால் கண்ணாடி மேசையை விட்டு எழும்பினால் அவர் வாய் மூடிவிடும். முகம் சிவக்கக் காத்திருந்து, அதைக் கீழே வைத்ததும் மொத்தமாகக் கொட்டித் தீர்ப்பார். வெட்டுகிறவரும் தான் சொன்னபடியே கேட்டுக்கொள்வார். சில நாட்களில் மட்டும், கண்ணாடியைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.