பொன்முடிச் சரிவில் தப்பாய்க் கேட்ட காது

சபையாரே, என்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். நாலே எழுத்துள்ள ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு, ஒரு மனுஷனை உயிரோடு மண்ணுக்குள் அனுப்பி வைத்தவன் நான். அர்த்தம் தெரியாத சொல் என்றால்கூட மன்னிப்பு உண்டு. திருவனந்தபுரம் வந்த நாளிலிருந்து தினமும் நூறு தடவை காதில் விழுந்த சொல் அது. கர்த்தர் எனக்குக் கொடுத்த இரண்டு காதும் அன்றைக்கு ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டும்தான் பயன்பட்டது.

என் பேர் செல்வின். திசையன்விளைப் பக்கம். தொண்ணூற்று நாலில் இங்கே வந்து, சாலை பஜாரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னோடு ஒரே அறையில் தங்கியவன் ஜெபராஜ். கொத்தனார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். நான் நாள் முழுக்கப் பேசுவேன், அவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். மூன்றாவது ஆள் ஷாஜி. மலையாளி. நம்முடைய தமிழ் ஆராதனைக்கு வந்து எங்களோடு ஒட்டிக்கொண்டான். தமிழ் நன்றாகவே பேசுவான். பதற்றம் வந்தால் மட்டும் தமிழ் அவனைக் கைவிட்டுவிடும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மூன்று பைக்கில் பொன்முடி மலைக்குப் போவோம். மேலே எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நம் தமிழ் ஜனங்கள் இருக்கிறார்கள். பஸ் கிடைப்பது அபூர்வம். ஒரு பாட்டு, ஒரு வசனம், என்னுடைய நீண்ட ஜெபம். நான் ஜெபிக்க எழுந்தாலே லயத்துப் பெண்கள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வருவார்கள். ஆமென் சொல்லும்போது சோறு வெந்திருக்கும்.

லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஒரு சரிவு உண்டு. மேலே செம்மண் மேடு, கீழே தேயிலை. மழைக்காலத்தில் மண் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எஸ்டேட் ஜீப் டிரைவர் சுகுமாரன் சேட்டன். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக வேண்டும். போகிறவன் நடுவில் நிற்கவே கூடாது. மற்றவர்கள் சரிவுக்கு வெளியே, பாறை இருக்கும் இடத்தில் நின்று, அவன் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். எவனாவது மாட்டிக்கொண்டால் எல்லாருமாக ஓடிப்போய் அதே சரிவில் ஏறக் கூடாது. கடந்து போனவன் மேட்டைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிப்பான். ரெண்டு குட்டி ஹாரன் என்றால் வா. ஒரே நீள ஹாரன் என்றால் வராதே.

"வாயால ஒண்ணும் பேசண்டா. மழையில வாய் பொய் சொல்லும். ஹாரன் பொய் சொல்லாது" என்பார்.

அவர் சொன்னது எனக்குப் பெரிய தமாஷ். அவர் முதுகுக்குப் பின்னால் வாயாலேயே "பீப் பீப்" என்று அடித்துக் காட்டுவேன். ஷாஜி சிரிப்பான். ஜெபராஜ் சிரிக்க மாட்டான், ஆனால் மீசை அசையும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கர்க்கடக மாத மழை, நம் ஊர் ஆடி. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷாஜி முதலில் கடந்து போனான். அந்தப் பக்கம் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, மேட்டைப் பார்க்க நடந்து வந்தான். ஹாரன் வரவில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். எனக்கு நனைந்த சட்டை முதுகில் ஒட்டி எரிச்சலாக இருந்தது. லயத்தில் கட்டன் சாயா காத்திருக்கிறது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

கையைக் குவித்து நான் கத்தினேன்: "ஷாஜீ! மண்ணு வருதா?"

அங்கிருந்து பதில் வந்தது: "வரல்லே! வரல்லே!"

பக்கத்தில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்த ஜெபராஜிடம் சொன்னேன், "வரலையாம். போலே."

"ஹாரன் கேக்கலியே" என்றான் அவன்.

"ஹாரன் அடிச்சு மேளம் வச்சுக் கூப்பிட நீ என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போற?" என்றேன். அதோடு விட்டேனா? வாயைக் குவித்து, "பீப் பீப்" என்று ரெண்டு ஹாரன் நானே அடித்தேன்.

ஜெபராஜ் சிரித்தான். என் வாழ்நாளில் அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே வண்டியை விட்டான்.

அவன் பாதி தூரம் போயிருப்பான். எதிரே ஷாஜி ரெண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. மலையாளத்தில் வரல்லே என்றால் வராதே. வந்துவிடாதே. நான் தமிழில் கேட்டேன், தமிழில் காதை வைத்திருந்தேன். அவன் பயத்தில் தாய்மொழியில் கத்தியிருக்கிறான்.

மேடு அப்படியே சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. கீழே தேயிலை இருந்த இடத்தில் தேயிலை இல்லை. ஜெபராஜ் இல்லை.

சபையாரே, அரை மணி நேரம் ஜெபிக்கிறவன் என்று பேர் வாங்கிய இந்த வாயில் அப்போது ஒரு வசனமும் வரவில்லை. ஸ்தோத்திரமும் வரவில்லை. முழங்காலில் விழுந்தேன் என்று சொன்னால் பக்தியாக இருக்கும். உண்மையில் கால் மடங்கி விழுந்தேன். "ஆண்டவரே, அவன் எங்கேன்னு காட்டும். எங்கேன்னு மட்டும் காட்டும்." இதையே சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது. சிவப்பு மண், மழை, ஒன்றுமே அசையவில்லை.

அப்போது கேட்டது. கீழே, நான் நினைத்த இடத்துக்கு வெகு தூரம் இடது பக்கம். தொண்டை கட்டினவன் முனகுவது மாதிரி, மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு ஹாரன். விடாமல், ஒரே நீளமாக.

கூப்பிடுகிறான் என்றே எனக்குக் கேட்டது. சுகுமாரன் சேட்டன் சொன்ன ஒரு நியமமும் ஞாபகத்தில் இல்லை. உருண்டும் சறுக்கியும் கீழே இறங்கினேன். ஷாஜி அந்தப் பக்கமிருந்து "செல்வினே, நில்லு! நில்லு!" என்று கத்தியவன், நான் நிற்காததைப் பார்த்து அவனும் இறங்கிவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி அதையே சட்டியாக வைத்து மண்ணை அள்ளினோம். நகம் பிய்ந்தது. ஹாரன் சத்தம் மெலிந்துகொண்டே போனது. அது நிற்பதற்குள் முதலில் கைப்பிடி கிடைத்தது. பிறகு அதன் மேலே இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை. வண்டியின் கைப்பிடி மண்ணைத் தாங்கி, அவன் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம் விட்டிருந்தது. அந்த ஒரு சாண் காற்றில்தான் அவன் இருந்தான். வாயிலிருந்து மண்ணை விரலால் தோண்டி எடுத்தேன். இருமினான். அந்த இருமலைவிட நல்ல பாட்டை நான் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை.

சுகுமாரன் சேட்டனும் லயத்து ஆட்களும் மம்பட்டியோடு வந்து சேர்ந்தார்கள். வலது கால் எஞ்சினுக்கு அடியில் மாட்டியிருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றினோம். கால் இருந்தது, ஆனால் கால் மாதிரி இல்லை.

ஜீப்பில் ஜெபராஜின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஷாஜி என்னைப் பார்த்தான். "செல்வின், ஞான் வரல்லேன்னு பறஞ்சதல்லே? பின்னே எதுக்கு அவனை விட்டே?"

"மழையில கேக்கலடா" என்றேன்.

அது முதல் பொய். இனி வருவது பொய்கூட இல்லை. அதைவிடக் கேவலம்.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, சபை மூப்பர்கள் வராந்தாவில் என்னிடம் நடந்ததைக் கேட்டார்கள். நான் சொன்னேன்: "மண்ணு வருதான்னு கேட்டேன். ஷாஜி வரல்லேன்னு சொன்னான்."

கவனியுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லலாம். ஆனால் கேட்ட அத்தனை பேர் மனதிலும், மண் வரவில்லை என்று ஷாஜி சொல்லி ஜெபராஜை வரவழைத்ததாகவே பதிந்தது. அப்படிப் பதியும் என்று தெரிந்தேதான் சொன்னேன். மறுநாள் ஷாஜியைத் தனியே கூப்பிட்டு, "செல்வின் கேட்டப்ப நீ என்ன சொன்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாவம் நெஞ்சை நிமிர்த்தி, "வரல்லேன்னு பறஞ்சேன்! ரெண்டு வட்டம், ரெண்டு தடவை பறஞ்சேன்!" என்றிருக்கிறான். தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு அக்கா அவன் முகத்துக்கு நேரே, "ஒன்னாலதான் ஒருத்தன் கால் போச்சு" என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் தேடினேன்.

அதற்குப் பிறகு ஷாஜி நம் சபைக்கு வரவில்லை.

ஜெபராஜுக்கு நினைவு தெளிந்ததும் நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்து, வழக்கம்போலப் பேச ஆரம்பித்தேன். "கர்த்தர் பெரியவர்லே. நீ ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டிய பாத்தியா, அதுதான் என் ஜெபத்துக்குப் பதில்."

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் கூப்பிடல."

"பின்ன?"

"நீள ஹாரன்லா அடிச்சேன். வராதேன்னு அடிச்சேன். மேல இன்னும் மண்ணு நின்னுச்சு, விழும்போதே பாத்தேன்."

மூச்சு முட்டிக் கிடக்கிற மனுஷன், என்னைச் சாகவிடக் கூடாது என்று கட்டை விரலை எடுக்காமல் இருந்திருக்கிறான். அதையும் நான் தப்பாகவே கேட்டிருக்கிறேன். சரியாகக் கேட்டிருந்தால் பாறை ஓரம் நின்றிருப்பேன், மம்பட்டி வருவதற்குள் அவன் மூச்சு நின்றிருக்கும். முதல் தடவை தப்பாகக் கேட்டேன், கால் போயிற்று. இரண்டாம் தடவை தப்பாகக் கேட்டேன், உயிர் மிஞ்சியது. இந்தக் காதுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே என்று காட்டும் என்று கேட்டேன், அவர் காட்டினார். அது மட்டும் எனக்குத் தெரியும். காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஜெபராஜின் கட்டை விரலையும், நான் கேலி பண்ணிய ஹாரனையும்.

அன்றே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பீப் பீப்" அடித்ததையும், வரல்லே என்ற சொல்லையும், மூப்பர்களிடம் சொன்ன கெட்டிக்கார உண்மையையும். அவன் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. பத்து வார்த்தைக்காரன் பேசாமல் இருந்தால் வித்தியாசம் தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்தது.

இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. சாரத்தில் ஏறி மூன்றாம் மாடியில் கரண்டி பிடித்தவன், இன்று ஒரு டைல்ஸ் கடையில் உட்கார்ந்து சில்லறை வியாபாரம் பார்க்கிறான். செயற்கைக் கால் மழைக்காலத்தில் உரசிப் புண்ணாகிறது. மருந்து போட்டுவிடுகிறவன் நான். இன்றும் ஒரே அறைதான். அவனுக்கு என் மேல் பிரியமா, வேறு ஆள் கிடைக்காததாலா என்று நான் கேட்டதில்லை. பதில் சொல்லிவிடுவான் என்ற பயம்.

என் ஜெபம் சுருங்கிவிட்டது. லயத்துப் பெண்கள் உலை வைத்துவிட்டு வந்தால் இப்போது அரிசி வேகாது. இன்றும் பொன்முடிக்குப் போகிறேன். சரிவு வந்தால் கடைசி ஆளாகத்தான் கடப்பேன். புதிதாக வருகிறவர்களை ஒவ்வொருவராக அனுப்புகிறேன். ஹாரன் கேட்காமல் கிளம்புகிறவனின் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன். கிழவன் மாதிரிப் படுத்துகிறேன் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

நீங்கள் எந்த மண்ணுக்கு அடியில் கிடந்தாலும், கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிட வேண்டாம். வசனம் வேண்டாம். என் மாதிரி ஓட்டைக் காதுக்காரன், பொய்க்காரன் உளறிய ஒற்றை வரியையே கேட்டவர், உங்களுடையதைக் கேட்காமல் விடுவாரா? அவருடைய கிருபைக்கு நான் சாட்சி. நான் செய்ததற்கும் நானே சாட்சி. ஷாஜி அன்றைக்கு வராதே என்றுதான் சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். ஜெபராஜைத் தவிர யாரிடமும் சொல்லாமல் ஐந்து வருஷமாக நான் விழுங்கி வைத்திருந்ததை இதோ கக்கிவிட்டேன்.

இதை எழுதி முடித்து, சபைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஜெபராஜுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "எப்படிலே இருக்கு? எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டேன்.

"ஷாஜிக்கு வாசிச்சுக் காட்டினியா?" என்றான்.